பீங்கான் ஊரிலே ஒரு மின்சாரப் பாடம்

வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. சில நாளில் நின்றே போகிறது. கையால் தள்ளிவிட்டால்தான் சுழல்கிறது. எலெக்ட்ரீஷியன் வருகிறார். "கண்டென்சர் போய்விட்டது" என்கிறார். சிறிய டப்பா ஒன்றை மாற்றுகிறார். விசிறி பழையபடி வேகமாகச் சுழல்கிறது!

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? பிளஸ் 2 மாணவனைக் கேட்டால், மின்தேக்கியின் சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஆனால், தலைக்கு மேலே இருக்கும் கண்டென்சர்தான் புத்தகத்தில் உள்ள மின்தேக்கி என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா?

தெரியாவிட்டால் அது பிள்ளையின் குற்றம் அல்ல. சூத்திரத்தை முதலில் சொல்லி, பொருளைக் காட்டாமலே விட்டுவிடும் முறையின் குற்றம்.

கையிலே வெண்ணெய்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதை அடுத்த நல்லூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பீங்கான் புதிதல்ல. 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலியும் பக்கத்திலேயே இருக்கிறது. பீங்கானும் மின்சாரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, மின்சாரப் பாடத்தை மனப்பாடமாக மட்டும் படிப்பது கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல அல்லவா?

பாடத்தை ஒரு சீப்பிலிருந்து தொடங்கலாம். எண்ணெய் தடவாத, உலர்ந்த தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாருங்கள். சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன்பே துணுக்குகள் துள்ளி எழும்! சீப்பில் சேர்ந்த மின்னூட்டம், தன்னைச் சுற்றியுள்ள இடத்திலும் தன் விசையைக் காட்டுகிறது. அந்த விசை பரவிய இடமே மின்புலம்.

இனி, இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வையுங்கள். நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். ஒரு தகட்டில் நேர் மின்னூட்டம்; மற்றதில் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. தடுப்பு இருப்பதால் சேர முடியவில்லை. அங்கேயே காத்து நிற்கின்றன. இதுதான் மின்தேக்கி. விசிறியின் கண்டென்சரில் மெல்லிய உலோகப் பூச்சுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் இருக்கிறது.

அண்டாவும் செம்பும்

ஒரே உயரத்துக்கு நீர் ஊற்றினால், செம்பில் கொஞ்சம் பிடிக்கும். அண்டாவில் நிறையப் பிடிக்கும். நீரின் உயரம்தான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கிறது என்பதே மின்தேக்குத்திறன். சூத்திரம் சொல்வது இவ்வளவுதான்!

அண்டாவைப் பெரிதாக்குவது எப்படி? தகட்டை அகலமாக்கலாம், தகடுகளை நெருக்கி வைக்கலாம். மூன்றாவது வழியில்தான் பீங்கான் வருகிறது. பீங்கான் மின்சாரத்தை ஓடவிடுவதில்லை. ஆனால் மின்புலம் அதற்குள் நுழையும். அப்போது அதிலுள்ள மின்துகள்கள் இருந்த இடத்திலேயே சற்று விலகிக் கொடுக்கின்றன. அதனால் தகடுகளில் கூடுதல் மின்னூட்டம் சேர இடம் கிடைக்கிறது. நடுவே காற்று இருந்தால் 1 பங்கு என்றால், பீங்கான் இருந்தால் சுமார் 6 பங்கு. பேரியம் டைட்டனேட் என்ற பொருளைச் சூளையில் சுட்டுச் செய்யும் பீங்கானில் ஆயிரம் பங்குக்கும் மேல்! அந்த இனத்து மின்தேக்கிகள்தான் கைப்பேசிக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

நடுவில் வைக்கும் பொருளுக்கு இவ்வளவு வேலை உண்டு என்று 1837-ல் சோதித்துக் காட்டியவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்கு வந்தார். கணிதம் அவருக்கு அதிகம் தெரியாது. மின்புலத்தைக் கோடுகளாகக் கற்பனை செய்து பார்த்தார். கணக்கு பின்னால் வந்தது!

உயிருக்கும் காவல்

"பரீட்சைக்குச் சூத்திரம்தானே வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பரீட்சையோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பம்புசெட் மோட்டாரின் பெரிய கண்டென்சரைத் தெரியாமல் தொட்டால், பலத்த அதிர்ச்சி தாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். "தேக்கி" என்ற சொல்லின் பொருளை உணர்ந்த பிள்ளை அதில் கை வைக்க மாட்டான். வெறும் சூத்திரம் படித்தவன், மின்சாரம்தான் நின்றுவிட்டதே என்று தொட்டுவிடுவான்.

ஆகவே, வகுப்பு மேஜைமேல் மூன்று பொருள்கள் இருக்கட்டும்: ஒரு சீப்பு, ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை, மின்னூட்டம் முழுவதும் இறக்கப்பட்ட ஒரு பழைய கண்டென்சர். இவற்றைக் காட்டிய பிறகு கரும்பலகையில் சூத்திரம் எழுதட்டும். ஒரு பாட வேளை போதும். செலவும் அதிகம் இல்லை.

ஊரார் சூளையில் சுடும் பொருளுக்கும் புத்தகத்தில் உள்ள பாடத்துக்கும் உறவு உண்டு என்று அறிந்த பிள்ளை, அந்தப் பாடத்தை மறக்க மாட்டான். நாளைக்குப் பீங்கானில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசையும் அவனுக்குத்தான் பிறக்கும்!