கட்டிலுக்கும் ஒரு பட்ஜெட்

எர்ணாகுளத்துக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மலையாளம் இன்னும் தட்டுத்தடுமாறித்தான். சுவரில் ஒட்டிய நோட்டீஸ்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது ஒரு பொழுதுபோக்கு. அப்படிப் படித்ததில் ஒன்று, "வயோஜன கிராமசபை". வயசானவர்களுக்கென்று தனியாக கிராமசபையா என்று முதலில் சிரிப்புதான் வந்தது.

விசாரித்தால், விஷயம் காசு. 1996-ல் இங்கே மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் விடுவதாக முடிவெடுத்தார்கள். பின்னாளில், அதில் ஒரு பங்கை முதியவர்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்குச் செலவழித்தாக வேண்டும் என்ற விதியும் வந்தது. மொத்தத்தையும் ரோடு போட்டே தீர்க்க முடியாது. அதனால்தான் பஞ்சாயத்துப் பட்டியலில் கட்டில், பகல்வீடு எல்லாம் வருகின்றன. 2008-ல் பாலியேடிவ் கொள்கை வந்தபிறகு, படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கே நர்ஸ் போகிறார். அதில் பஞ்சாயத்தின் பணமும் இருக்கிறது.

நம்ம ஊரில்? முதியோர் உதவித்தொகைக்கு வி.ஏ.ஓ., தாசில்தார் என்று வருவாய்த்துறை வாசலில்தான் நிற்க வேண்டும். நாம் ஓட்டுப்போட்ட கவுன்சிலர் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். தொகையை 2023-ல் மாநில அரசு 1,200 ஆக்கியது, நல்லது. மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய். 2007-ல் இந்திரா காந்தி பெயர் வைத்தபோதும் 200, இன்றும் 200.

குறை மட்டும் சொல்லக்கூடாது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அது சுகாதாரத்துறையின் வேலை. தெருமுனையில் உட்கார ஒரு பெஞ்ச், எரிகிற ஒரு விளக்கு, பகலில் நாலு பேரோடு பேச ஒரு இடம், இதையெல்லாம் யார் யோசிப்பது? பெஞ்சுக்கு அம்மா நகராட்சியில் கேட்டபோது "அதுக்கெல்லாம் ஃபண்டு இல்லம்மா" என்று பதில் வந்தது. பொய்யில்லை, அந்தப் பெயரில் ஃபண்டே இல்லை!

1992-ன் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. நலிந்த பிரிவினர் என்று பொதுவாக ஒரு வரி உண்டு. முதியோர் என்ற சொல் இல்லை. சுடுகாடு இருக்கிறது.

கேரளத்தைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. கட்டிலை எண்ணிக் கணக்குக் காட்டுவது சுலபம், அதனால் கட்டிலாகவே வாங்கித் தள்ளுவார்கள். கட்டித் திறந்துவிட்டுப் பூட்டிப்போட்ட பகல்வீடுகளும் உண்டு. மார்ச் மாதம் டிரஷரியில் பில் நிற்கும். 2023-24-ல் பென்ஷனே மாசக்கணக்கில் பாக்கி விழுந்தது. ஆனாலும் திட்ட நிதியில் தன் பங்கு எங்கே என்று ஒரு பாட்டி இங்கே சபையில் எழுந்து கேட்கலாம், உறுப்பினர் பதில் சொல்லியாக வேண்டும்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் என்னைப்போல எங்கெங்கோ. நகராட்சி நிதியில் ஐந்து சதவீதம் முதியோருக்கு என்று ஒரு அரசாணை போட்டால் போதும், ஆரம்பிக்கலாம். எதற்குச் செலவு என்பதை அவர்களிடமே கேட்க இடமும் இருக்கிறது. 2022-ல் நகரங்களிலும் பகுதி சபை வந்துவிட்டதே.

அடுத்த சபைக்குப் போகச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "தரையில உக்கார முடியாதுடா, நாற்காலி போடுவாங்களா?" என்று கேட்கிறாள்.