விளம்பரம் இல்லாத மாத்திரை

டிவியைப் போட்டால் போதும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பானம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் லேகியம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை! 2020-ல் கொரோனா வந்தபோது இந்த வியாபாரம் உச்சத்துக்கே போனது. எதிர்ப்பு சக்தி என்பது பேங்க் பேலன்ஸ் மாதிரி, எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று பலரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் அந்த சக்தியே வழி தவறி, சொந்த உடம்பையே அடிக்க ஆரம்பித்தால்? காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற கதைதான். இப்படி வருபவை ஆட்டோ இம்யூன் நோய்கள், தமிழில் தன்னெதிர்ப்பு நோய்கள். லூபஸ், சோரியாசிஸ், டைப் 1 சர்க்கரை நோய் என்று பட்டியல் நீளம். அதில் ஒன்றை மட்டும் இங்கே பார்க்கலாம். முடக்கு வாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ஒரு மருந்தின் விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இந்த நோயைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்று கிடைப்பது கஷ்டம்.

மூட்டுவலி என்றதும் எல்லோருக்கும் தாத்தா பாட்டியின் முழங்கால்தான் ஞாபகம் வரும். அது தேய்மானத்தால் வருவது. முடக்கு வாதம் அப்படியில்லை. முப்பது, நாற்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் விரல்களிலும் மணிக்கட்டிலும் ஆரம்பிக்கும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. இட்லிக் குண்டானைத் தூக்க முடியாது, புடவைக்குப் பின் குத்த முடியாது, குழாயைத் திருக முடியாது. மத்தியானம் ஆக ஆகக் கொஞ்சம் சரியாகும். அதனாலேயே வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "காலையில் மட்டும் வலிக்கிறதாம், வேலை செய்ய சோம்பேறித்தனம்" என்று பேச்சு வாங்குகிற பெண்கள் எத்தனை பேரோ!

உள்ளே நடப்பது வேறு. மூட்டின் உள் சவ்வை எதிரி என்று நினைத்து எதிர்ப்பு அணுக்கள் தாக்குகின்றன. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்த அரிப்பு நோய் வந்த முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது, கோணிய விரல் தானாக நிமிராது. ஆகவே இந்த நோயில் உண்மையான செலவு மருந்து இல்லை, தாமதம்!

சரி, மருந்துக்கு வருவோம். உலகம் முழுக்க இந்த நோய்க்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற ஒரு பழைய மருந்தைத்தான். இதன் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அங்கே லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. அடுத்து அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிற பொருட்களையும் செய்தார்கள். அவைதான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். 1948-ல் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை அமினோப்டெரின் தற்காலிகமாக அடக்குவதைக் காட்டினார். அதே வருடம் சுப்பாராவ் இறந்துபோனார்.

புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை, மிகச் சிறிய அளவில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் முடக்கு வாதம் அடங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. 1988-ல் அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. பக்க விளைவைக் குறைக்க இன்றைக்கும் கூடவே கொடுப்பது எது தெரியுமா? அதே ஃபோலிக் அமிலம்! மருந்தும் முறிமருந்தும் ஒரே மனிதரின் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கின்றன. இந்தியாவில் இந்த மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கான செலவு சில பத்து ரூபாய்தான்.

இப்போது தராசின் அடுத்த தட்டு. எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் டி.என்.எஃப். என்ற பொருளைப் பிடித்து முடக்கும் ஊசி மருந்துகள் 1990-களின் கடைசியில் வரத் தொடங்கின. அவற்றில் புகழ்பெற்றது ஹ்யூமிரா, 2002 கடைசியில் அனுமதி பெற்றது. 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது. அதன் மூல பேடன்ட் அமெரிக்காவில் 2016-லேயே முடிந்துவிட்டது. ஆனால் கம்பெனி அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பேடன்ட்களை வேலி மாதிரி போட்டிருந்ததால், 2023 ஜனவரி வரை அங்கே போட்டி மருந்து எதுவும் விற்பனைக்கு வரவில்லை. இந்தியாவிலோ 2014 டிசம்பரிலேயே ஸைடஸ் கம்பெனி அதன் மாற்று மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்துவிட்டது. உலகிலேயே முதல் முறை அதுதான். அப்படியும் மாதக் கணக்கில் போட்டுக்கொள்ள சாதாரணக் குடும்பத்தால் முடியாத விலை.

விலை அதிகம் என்றால் அதே அளவு பலனும் அதிகம்தானே என்று தோன்றும். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத்தான் சோதித்தது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாமல் போன 353 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற இரண்டு மலிவான பழைய மாத்திரைகளைச் சேர்த்தார்கள். மற்ற பிரிவுக்கு டி.என்.எஃப். ஊசியைச் சேர்த்தார்கள். பலன் இல்லாதவர்களுக்கு 24-வது வாரத்தில் மருந்தை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் கால்வாசிப் பேருக்குக் கொஞ்சம் மேல் இப்படி மாற வேண்டியிருந்தது. 48 வாரம் முடிந்தபோது, மாத்திரையில் ஆரம்பித்தவர்கள் ஊசியில் ஆரம்பித்தவர்களைவிடப் பின்தங்கிவிடவில்லை.

ஊசி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரைகளுக்கு மசியாத நோயாளிகள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது மறுவாழ்வு. (மறைந்திருக்கும் டி.பி.யை அது கிளப்பிவிடலாம் என்பதால் முதலில் டி.பி. பரிசோதனை கட்டாயம்.) ஆனால் வரிசை முக்கியம். முதலில் மலிவான மருந்து, சீக்கிரமாக, சரியான அளவில். பிறகுதான் ஊசி.

அப்படியானால் மலிவான மருந்து ஏன் எல்லோருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை? காமர்ஸ் படிக்கிற யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். லாபம் இல்லாத சரக்குக்கு யார் விளம்பரம் செய்வார்கள்? பேடன்ட் முடிந்த, பல கம்பெனிகள் தயாரிக்கிற, சில ரூபாய் மாத்திரையைப் பற்றி ஊருக்குச் சொல்ல யாருக்கும் அக்கறை இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் லேகியக்காரர்களும், வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்புகிறவர்களும், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கிறவர்களும் புகுந்துகொள்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டே நாளில் வலி பறந்துவிடும், டாக்டர் கைராசிக்காரர் என்று பேர் கிடைக்கும். எலும்பு பலவீனமும் சர்க்கரையும் வருவது பின்னால்தானே! மெத்தோட்ரெக்சேட்டோ வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள்.

அதைவிட ஆபத்து, வாரம் ஒரு முறை என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொள்வது. வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போயிருக்கிறது. அதனால் டாக்டர் சொல்லாமல் இதை யாரும் தொடக்கூடாது. கல்லீரலுக்கும் ரத்தத்துக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுப்பதற்குக் காசா செலவு?

காப்பீடும் இங்கே கை கொடுப்பதில்லை. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மூட்டு முழுக்கக் கெட்டுப் போய் ஆபரேஷன் செய்தால் லட்சக்கணக்கில் தருவார்கள். அது கெடாமல் காப்பாற்றும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தரமாட்டார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்க முடியும் என்று 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் காட்டியிருக்கிறது. அப்படிப் போகிற பணியாளர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறதும்மா?" அரை மணிக்கு மேல் என்று பதில் வந்தால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. மாத்திரையைக் கம்பெனி விளம்பரம் செய்யாது. அரசாங்கம்தான் செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிற அம்மாவையோ அக்காவையோ பார்த்தால், தைலம் வாங்கப் போவதற்கு முன்னால் விரல்களைக் கொஞ்சம் பாருங்கள். வீங்கியிருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.