செங்கோட்டையில் ஒரு கூர்க்கா

தில்லிச் செங்கோட்டை என்றவுடன் நம்மவர்க்கு 1945-ம் வருஷத்தின் கடைசி இரண்டு மாதங்கள் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. நவம்பர் 5-ந் தேதி இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், ஸஹகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் அங்கே விசாரணை தொடங்கிற்று. புலாபாய் தேசாய் வாதாடினார். ஜவாஹர்லால் நெஹ்ரு வக்கீல் அங்கி தரித்து வந்து அமர்ந்தார். இவையெல்லாம் நேயர்கள் அறிந்த கதை. ஆனால் விசாரணை முடியுமுன்பே, அதே கோட்டையில், டிசம்பர் 19-ந் தேதி நடந்த வேறொரு வைபவத்தை நம்மில் அநேகர் அறியோம். லச்சிமன் குருங் என்னும் கூர்க்கா சிப்பாயின் மார்பில் அன்று விக்டோரியா கிராஸ் அணிவிக்கப்பட்டது.

அந்நிய ஸர்க்காரின் பட்டாளத்தில் சேர்ந்தவர் பெற்ற பதக்கத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். முதலில் அவர் செய்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நேபாளத்தில் தனஹு என்னும் மலைப் பிரதேசத்தில் 1917-ல் பிறந்தவர் குருங். உயரம் 4 அடி 11 அங்குலம். சமாதான காலமாயிருந்தால் அவரைப் பட்டாளத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். யுத்த காலத்தில் ஆள் வேண்டியிருந்தபடியால், 1940-ல் அளவுகோலைச் சற்றே தாழ்த்திப் பிடித்தார்கள்! எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸின் நாலாவது பட்டாலியனில் அவர் பர்மாவில் போரிட்டார்.

1945 மே மாதம். ஐராவதி நதியின் மேற்குக் கரையில் டவுங்டா என்னும் இடத்தில் குருங்கின் கம்பெனி ஜப்பானியரால் சூழப்பட்டுக் கிடந்தது. எல்லாருக்கும் முன்னால், எதிரிக்கு மிக அருகில் இருந்தது அவருடைய குழி. 12-ந் தேதி கழிந்து 13-ந் தேதி பிறந்த நள்ளிரவில், மணி ஒன்று இருபதுக்கு, குறைந்தது 200 ஜப்பானியர் பாய்ந்து வந்தனர். குழியின் விளிம்பில் ஒரு கைக்குண்டு வந்து விழுந்தது. குருங் அதை எடுத்து வந்த வழியே திருப்பி எறிந்தார். இரண்டாவது குண்டு குழிக்குள்ளேயே விழுந்தது, அதையும் எறிந்தார். மூன்றாவதை எடுத்தபோது அது கையிலேயே வெடித்தது. வலக்கை விரல்கள் பறந்தன, புயம் நொறுங்கிற்று, முகத்திலும் உடலிலும் வலக்காலிலும் காயம். உடனிருந்த தோழர் இருவரும் படுகாயமுற்று அசைவற்றுக் கிடந்தனர்.

இதன் பிறகுதான் உண்மையில் அவருடைய போர் ஆரம்பமாகிறது. இடக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியில் தோட்டா இட்டு, இடக்கையினாலேயே சுட்டு, நாலு மணி நேரம் ஒவ்வொரு பாய்ச்சலையும் தனியொருவராக எதிர்த்து நின்றார். அக்கம்பெனியின் நிலையைச் சுற்றி எண்ணப்பட்ட ஜப்பானியப் பிணங்கள் 87. அவற்றில் 31 குருங்கின் பிரிவுக்கு எதிரே கிடந்தன. நம் நேயர்களில் யாரேனும் ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால், ஒரு பொத்தானைப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. குருங்கின் பட்டாலியன் 7-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அவ்வருஷம் பிப்ரவரியில் அந்த டிவிஷன் ஐராவதியைக் கடக்க வந்தபோது, எதிர்க்கரையில் காவல் நின்ற படைகளில் ஒன்று இந்திய தேசிய ராணுவத்தின் நெஹ்ரு படை. அதன் தலைவர் வேறு யாருமில்லை, செங்கோட்டையில் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட அதே தில்லான்தான். ஒரே நதியின் இரு கரைகளில் நின்ற சேனைகள் இரண்டும், ஒருவர் பதக்கத்துக்கும் ஒருவர் தண்டனைக்குமாக, பத்து மாதத்துக்குள் ஒரே கோட்டைக்கு ஆள் அனுப்பி வைத்தன. பதக்கம் தந்த கையும் தண்டனை விதித்த கையும் ஒன்றே. வீரத்தை அந்தக் கை நிறுத்துப் பார்த்த தராசு எப்படிப்பட்டது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம். குருங்கின் வீரம் அந்தத் தராசினால் குறையவுமில்லை, கூடவுமில்லை என்பது நம் கட்சி.

அன்றைய வைபவத்தைக் காண, தள்ளாத வயதுத் தந்தையை மலைக் கிராமத்திலிருந்து பல நாள் சுமந்து கொண்டு வந்தார்களாம்.

பதக்கம் மார்பில் ஏறிற்று. வலது கண்ணும் வலக்கையும் திரும்பவில்லை. 1947-ல், பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பிகள் பாத்திர பண்டம் பிரித்துக் கொள்வது போல, பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறை இந்தியாவும் நாலைப் பிரிட்டனும் எடுத்துக் கொண்டன. எட்டாவது ரெஜிமெண்டு இந்தியாவின் பங்குக்கு வந்தது. அவ்வருஷமே குருங் பட்டாளத்தை விட்டு ஊர் திரும்பினார். ஒற்றைக் கையோடு மலைச்சரிவில் பயிர்த்தொழில் செய்து பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் தம்மிடம் ஊழியம் செய்து 1997 ஜூலைக்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்குத் தம் நாட்டில் குடியேறும் உரிமையைப் பிரிட்டிஷார் எளிதில் தரவில்லை. விக்டோரியா கிராஸ் பெற்ற மற்றொரு கூர்க்காவான துல் பகதூர் புன் என்பவருக்கே 2007-ல் முதலில் அனுமதி மறுத்தார்கள். பிரிட்டனுடன் அவருக்குப் போதிய தொடர்பு இல்லையாம்! கூர்க்கா படை அதிகாரியின் புதல்வியான ஜோவன்னா லம்லி என்னும் நடிகை முன்னின்று நடத்திய கிளர்ச்சியில், தொண்ணூறு வயதைத் தாண்டிய குருங்கும் பதக்கத்தை அணிந்து வந்து கலந்து கொண்டார். 2009 ஏப்ரல் 29-ந் தேதி இவ்விஷயத்தில் பிரிட்டிஷ் ஸர்க்கார் காமன்ஸ் சபையில் தோற்றது. மே 21-ந் தேதி, நாலு வருஷம் ஊழியம் செய்த கூர்க்காக்கள் யாவரும் அங்கே குடியேறலாம் என்று அறிவித்தது.

டவுங்டா இரவுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே 64 வருஷம். குருங் 2010 டிசம்பர் 12-ந் தேதி லண்டனில் காலமானார்.