செயலியை நீக்கும் முன் காரணம் சொல்லட்டும்

மாண்புமிகு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் திரு. அஸ்வினி வைஷ்ணவ் அவர்களுக்கு,

2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, குக்கு எஃப்எம் உள்ளிட்ட செயலிகளை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கத் தொடங்கியது. கூகுள் கேட்ட கட்டணம் பற்றிய தகராறுதான் காரணம். மறுநாளே நீங்கள் கண்டித்தீர்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசினீர்கள். 5ஆம் தேதி சமரசம் வந்தது. அதற்கு நன்றி. ஆனால் அந்தச் செயலிகளை மீட்டது உங்கள் தலையீடு, ஒரு சட்டவிதி அல்ல. பாரத் மேட்ரிமோனியை நடத்துவது பங்குச்சந்தையில் உள்ள சென்னை நிறுவனம். உயர் நீதிமன்றம் வரை போக அதற்கு வலு இருந்தது. அடையாறிலிருந்து தரமணியைத் தாண்டி சிறுசேரி வரை, நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு செயலி எழுதிப் பிழைப்பவர்களுக்காக எந்த அமைச்சர் பேசுவார்? அவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: செயலி எழுதுபவர் ஒருவரின் கணக்கு முடக்கப்பட்டால் அதோடு தொடர்புடைய கணக்குகளையும் முடக்கலாம் என்பது பிளே ஸ்டோரின் விதி. என்ன தொடர்பு, யாருடன் தொடர்பு என்று தெரியாமல் ஒருவர் எப்படி மறுத்துப் பேசுவார்?

கடை கூகுளுடையது, நிபந்தனையும் அதனுடையது என்பார்கள். இந்தியக் கைப்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. போதிய அவகாசம் தந்தோம், நீதிமன்றமும் இடைக்காலத் தடை தரவில்லை என்று கூகுள் சொன்னது. இதை ஒதுக்கிவிட முடியாது; 2024 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்தது உண்மை. ஆனால் கட்டணம் குறித்த வழக்கு அப்போது முடிந்துவிடவில்லை. பணப் பாக்கியை வசூலிக்க சட்டத்தில் வழி இருக்கிறது. செயலியை நீக்குவதோ புதிய வாடிக்கையாளர் வரும் வாசலையே அடைப்பது. கால அளவையும் பாருங்கள். பிளே ஸ்டோரின் கட்டண முறைக்காகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்துத் தீர்ப்புச் சொல்ல 2025 மார்ச் ஆயிற்று. கூகுள் தரப்பு நியாயத்தைக் கேட்க நாடு இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டது. செயலி எழுதுபவருக்கு அதில் ஒரு மாதமாவது வேண்டாமா?

மோசடிக் கடன் செயலிகளை உடனே நீக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நீக்கத்தான் வேண்டும், மக்களின் பணத்துக்கும் மானத்துக்கும் ஆபத்து என்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. அந்த அவசரம் கட்டணத் தகராறுக்கு எங்கே வந்தது? இணையத் தளங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகரின் கணக்கை அடியோடு மூடுமுன் 30 நாள் அவகாசமும் எழுத்தில் காரணமும் தர வேண்டும் என்கிறது. சட்டக் கட்டாயத்துக்கும் திரும்பத் திரும்ப விதி மீறுபவர்களுக்கும் விலக்கும் அளிக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பெரிய சமூக ஊடகம் ஒரு பயனரின் பதிவைத் தானாக நீக்கினால் காரணம் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று உங்கள் துறையின் 2021ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஒரு பதிவுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, பல குடும்பங்களுக்குச் சோறு போடும் செயலிக்கு இல்லை. அந்த விதியைச் செயலிக் கடைகளுக்கும் விரிவாக்குங்கள்: 30 நாள் முன்னறிவிப்பு, மீறிய விதியையும் அதற்கான ஆதாரத்தையும் காட்டும் கடிதம், முறையீட்டைப் படித்துப் பதில் எழுத ஒரு மனிதர்.

இப்படிக்கு,
அடையாறு வாசகர் ஒருவர், சென்னை