ராத்திரி வேட்டைக்காரி

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பாம்பு, தேள் உருவம் பதித்த சிறு தகடுகளை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்று மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்புவோம். "வீட்டுல விஷ ஜந்து அண்டக்கூடாது, தாயே!" என்பதுதான் வேண்டுதல். குழந்தை தவழும் வீட்டில் அந்தப் பயம் நியாயமே. ஆனால் அந்தப் பட்டியலில் நாமாகச் சேர்த்துவிட்ட ஒருத்தி உண்டு. ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிவாளே, அந்த எட்டுக்கால் பூச்சிதான்!

இவள் வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பகலெல்லாம் கதவிடுக்கிலும் காலண்டர் பின்னாலும் ஒண்டிக் கிடப்பாள். விளக்கணைந்ததும் வெளியே வந்து அசையாமல் காத்திருப்பாள். கண்கள் எட்டு இருந்தாலும், இருட்டில் கைகொடுப்பவை கால்களிலுள்ள மெல்லிய ரோமங்கள். கரப்பான் ஓடும்போது எழும் காற்றசைவு அவற்றில் பட்டுவிடும். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல்! கால்களால் வளைத்துப் பிடித்து, விஷப்பல்லைப் பதிப்பாள். பிறகு ஜீரண நீரைச் செலுத்தி, கூழாக்கி உறிஞ்சிக் குடிப்பாள். சாக்கடையிலிருந்து பால் பாத்திரத்துக்குக் கிருமியைச் சுமந்து வரும் கரப்பானின் சக்கைதான் மிஞ்சும்.

சில சமயம் வயிற்றடியில் வட்டமாக ஒரு பொட்டலத்தைச் சுமந்து நிற்பாள். அது முட்டைப் பை. குஞ்சு பொரிக்கும்வரை அதைக் கீழே வைக்க மாட்டாள்.

"பிள்ளையைக் கடிச்சிட்டா?" என்பீர்கள். தேடி வந்து கடிப்பதில்லை. கைக்கடியில் நசுங்கினால் கடிப்பாள். வலி, வீக்கம் வரலாம். ஆளைச் சாய்க்கும் விஷமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று முக்கியம். உடம்பில் ஒரு பக்கமாக வரிசையாய்க் கொப்புளம் எழும்பி எரிந்தால், "எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துட்டுது" என்று பச்சிலை பூசிக்கொண்டு இருந்துவிடுகிறோம். அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மைக் கிருமியே பல வருஷம் உடம்பில் ஒளிந்திருந்து அக்கியாகக் கிளம்புகிறது. கொப்புளம் கண்ட 3 நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு. கண்ணருகே வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பூச்சி மேல் பழியைப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

தொட்டில் துணியை நன்றாக உதறிவிட்டே குழந்தையைப் போடுங்கள். பூச்சி மருந்தைத் தொட்டில் பக்கம் அடிக்க வேண்டாம். வேட்டைக்காரி வீட்டுக்குள் இருப்பது பிடிக்கவில்லையா? அகலமான டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி, அப்படியே கொல்லைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.