கார்டு வாங்கப் போகும்போதும் நாம் வியாபாரிகள்தான்

துவரம்பருப்பு விலையும் புளி வரத்தும் பேச வேண்டிய நமது இதழில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் பற்றி எழுதுகிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று நமது உறுப்பினர்கள் பலரது வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. "அப்பா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மிளகாய் வத்தல் வாங்கினால் மூட்டைக்குள் கையை விட்டு அடியில் கிடப்பதை எடுத்துப் பார்க்கும் நாம், இந்தப் பொருளுக்கு மட்டும் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இது சரியல்ல.

முதலில் பண்டம் என்னவென்று தெரிந்து கொள்வோம். திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் பாகம்தான் கிராபிக்ஸ் கார்டு. சாதாரண உபயோகத்துக்கான கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த வேலையைப் பிராசசரே பார்த்துக் கொள்ளும். பில் போட, கணக்கு எழுத, சினிமா பார்க்க அதுவே போதும். பெரிய விளையாட்டுகள், அனிமேஷன் படிப்பு, வீடியோ எடிட்டிங், கட்டிட வரைபடம் ஆகியவற்றுக்குத்தான் தனி கார்டு தேவைப்படும். "கடையில் பில் போடும் மிஷின் மெதுவாக ஓடுகிறது, கார்டு போடலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பி விடுங்கள். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பெரும்பாலும் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

தேவை உண்மை என்றாலும் முழு மிஷினையும் மாற்ற வேண்டியதில்லை. வில்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகள் அனிமேஷன் படிக்கிறாள். ஒரு கடையில், "அண்ணாச்சி, இது பழைய மிஷின். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுத்திருங்க" என்று சொல்லி விட்டார்கள். வேறொரு மெக்கானிக் தம்பி மூடியைத் திறந்து பார்த்தார். பிராசசர் நன்றாகத்தான் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான் சிறியது. அதையும் கார்டையும் மட்டும் மாற்றினார். புது மிஷின் விலையில் பாதிகூட ஆகவில்லை. பிள்ளையின் படிப்பும் நடக்கிறது.

அந்தத் தம்பி பார்த்ததை நாமும் கேட்டுத் தெரிந்து கொள்ள முடியும். கார்டு சொருகும் இடத்துக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். புதிய கார்டு பெரும்பாலும் பழைய போர்டிலும் உட்காரும். ஆனால் அந்த இடம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கொடுக்கும். ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் பல கார்டுகள் அதிலேயே ஓடிவிடும். 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு 115 வாட் வேண்டும். அதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 550 வாட் பெட்டி போடச் சொல்கிறார்கள். பெட்டியைப் பார்க்காமல் கார்டை மட்டும் வாங்குவது, மினி வேனில் லாரி லோடு ஏற்றுவது போலத்தான். கேபினட்டுக்குள் கார்டின் நீளம் பிடிக்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். போட்ட பிறகு மானிட்டர் ஒயரைப் புது கார்டில் சொருக வேண்டும். பழைய இடத்திலேயே சொருகிவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

கார்டு போட்டும் பயனில்லாத இடங்களும் உண்டு. லேப்டாப்பில் கிராபிக்ஸ் பாகம் பெரும்பாலும் போர்டோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. மிகப் பழைய பிராசசருக்கு விலை உயர்ந்த கார்டு போட்டால், பிராசசரின் வேகத்துக்குத்தான் கார்டும் ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பழைய பிராசசர்கள் பல ஏற்காது. அப்படிப்பட்ட மிஷினில் கார்டுக்குப் பணம் போடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது செகண்ட் ஹேண்ட் விஷயம். 2019 கடைசியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நமக்கு மறந்திருக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கும் 2020, 2021-ல் அதே கதை நடந்தது. கொரோனாவால் சரக்கு வரத்துக் குறைந்தது. இன்னொரு பக்கம் எத்தீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களைக் கணக்கிட்டு எடுப்பவர்கள் கார்டுகளை மொத்தம் மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். விலை எங்கேயோ போனது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் அந்த வேலைக்குக் கார்டு தேவையில்லாமல் போயிற்று. இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. இதுபோக, பழைய கார்டின் உள்விவரத்தைத் திருத்தி 1050 டி.ஐ. என்று புதுப் பெயரில் விற்கும் மோசடியும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓட்டிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

விலையும் நிலையாக நிற்பதில்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகளின் தேவையால் மெமரி விலை ஏறியது. கார்டிலும் மெமரி இருக்கிறது. எனவே ஆறு மாதத்துக்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டாம். அன்றைய விலையை நாலு இடத்தில் கேளுங்கள்.

கடைசியாகப் பில். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு எதைக் காட்டுவது? கார்டின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடையின் வியாபாரத்துக்காக வாங்கும் பாகம் என்றால், நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இருக்க வேண்டும். 18 சதவீத வரிப்படி பத்தாயிரம் ரூபாய் பொருளுக்கு 1,800 ரூபாய் வரவு எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வீட்டு உபயோகத்துக்கும் கிடையாது. பிள்ளை விளையாடும் கார்டைக் கடைக் கணக்கில் எழுத வேண்டாம்.

நம் வாடிக்கையாளர் ஆன்லைனில் வாங்குகிறார் என்று நாம் ஆதங்கப்படுகிறோம். சென்னை ரிச்சித் தெருவிலும் நம்மூரிலும் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடைக்காரர்களில் பலரும் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள்தான். ஆன்லைன் விலையைத் தெரிந்து கொண்டு அவர்களிடமே போய்க் கேளுங்கள். பொருத்திக் கொடுத்து, பழுது வந்தால் முகம் பார்த்துப் பேசுகிறவர் அவர்தான். அதேபோல அவர்களும், கார்டு போதும் என்ற இடத்தில் மிஷினைத் தலையில் கட்டக் கூடாது. மளிகைக் கடையில் கால் கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ கட்டிக் கொடுத்தால் மறுபடி வருவாரா?

நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இந்தத் தொழிலில் உள்ள ஒருவரை அழைத்து, ஒரு மிஷினைத் திறந்து காட்டச் செய்யலாம். மிளகாய்த் தூசியும் மாவுத் தூசியும் பறக்கும் நம் கடை மிஷின்களின் பேனைச் சுத்தம் செய்வது எப்படி என்பதையும் அப்போதே கற்றுக் கொள்ளலாம். நிர்வாகிகள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.