பல வேலை பார்த்தவன் நிலையில்லாதவனா?



போன வாரம் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு தாய் வீட்டுக்கு வந்தார். மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், மத்திய அரசு வேலைய விட்டுட்டு வந்துட்டான். நீங்க சொன்னா கேப்பான்" என்று கண் கலங்கினார்.

அவன் முதலில் சேர்ந்தது சி.ஐ.எஸ்.எஃப். பிறகு சில வருடம் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை. இப்போது கடற்கரை மண் அரிப்பை ஆய்வு செய்யும் ஒரு குழுவில், பாதிச் சம்பளத்துக்குப் போயிருக்கிறான். "ஒரு இடத்துல நிக்கத் தெரியாத பையன்" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் ரேங்க் கார்டில் "கவனம் சிதறுகிறது" என்று எழுதியவளே நான்தான்.

அவனை போனில் கூப்பிட்டேன். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் படகில் ஆட்களை ஏற்றியதைச் சொன்னான். "தண்ணி போற வழியிலேயே வீடு டீச்சர். நாங்க தூக்கிட்டு வந்தோம், அவங்க திரும்ப அங்கயேதான் போகணும். இதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கில்ல?" என்றான். புத்தி சொல்லக் கூப்பிட்ட நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். 2004 சுனாமியன்று கல்பாக்கம் அணுமின் நிலையம் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் அருகில் இருந்த ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. வாசலில் எத்தனை காவல் போட்டாலும் கடல் கேட்டுக்கொண்டு வருமா? அதன் பிறகுதான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது, மீட்புப் படையும் உருவானது. அந்தப் படைக்கு ஆட்கள் வந்தது எங்கிருந்து? எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற காவல் படைகளிலிருந்து. துப்பாக்கி பிடித்த கைதான் கயிறும் படகும் பிடிக்கக் கற்றது.

சட்டமும் இப்படித்தான். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டினால் வடக்கே உள்ள ஊரின் கரை கரையும். புதுச்சேரியில் துறைமுகம் கட்டிய பின் அதுதான் நடந்தது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் 1991-இல் வந்தன. மக்கள் நெருக்கமாக வாழும் கிராமக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடை, 2019-இல் 50 மீட்டராகக் குறைந்தது. அந்த 150 மீட்டர் என்ன என்பது, அலையில் ஆளைத் தூக்கியவனுக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்?

பெரிய அதிகாரிகளிலும் உதாரணம் உண்டு. ஜெ. ராதாகிருஷ்ணன் ஐ.ஏ.எஸ். படித்தது கால்நடை மருத்துவம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின்போது தஞ்சாவூர் கலெக்டர். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கலெக்டர். அடுத்து ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் பேரிடர்ப் பணி. கொரோனா காலத்தில் சுகாதாரத் துறைச் செயலாளர். அவரை யாராவது நிலையில்லாதவர் என்றோமா? கலெக்டர் மாறினால் அனுபவம், குப்பத்துப் பையன் மாறினால் அலைச்சலா?

அந்தத் தாயின் பயம் பொய்யில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பளம் குறைந்தால் அடுப்பில்தான் தெரியும். சலிப்பு வந்ததும் வேலையை உதறுகிறவனை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஒரு வேலையில் கற்றதை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகிறவன் வேறு. அவன் இன்னும் ஒரே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னேன். முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "நீங்களே இப்படிச் சொல்றீங்களே டீச்சர்" என்றுதான் போனார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி வீட்டு விசேஷங்களில் பிள்ளைகளைப் பார்த்தால் "இன்னும் அதே வேலையா?" என்று கேட்காதீர்கள். "போன வேலையில் என்ன கத்துக்கிட்ட?" என்று கேளுங்கள். நான் அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி, இதைப் படித்தால் அந்த ரேங்க் கார்டை ஒருநாள் எடுத்து வா. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்